இடித்த கல்லைத் திரும்பப் போடுமுன்: அஸ்பெஸ்டாஸ் கலக்காமல் தடுப்பது எப்படி?

கேள்வி சுருக்கமாக இதுதான். கோலாலம்பூர் செந்தூலில் ஒரு கோயிலின் கல்யாண மண்டபம், எழுபதுகளில் கட்டியது, இடிபடப் போகிறது. கொண்ட்ரக்டர் இரண்டு யோசனை சொல்லியிருக்கிறார். இடித்த கான்கிரீட்டையும் செங்கல்லையும் அங்கேயே சின்னக் கிரஷர் வைத்து நொறுக்கி, புதுக் கார் பார்க்குக்குப் போட்டுவிடலாம். போதாத கல்லை மறுசுழற்சி யார்டில் மலிவாக வாங்கிக்கொள்ளலாம். மண்டபத்தின் கூரையும் சிலிங்கும் பழைய சாம்பல் நிறத் தகடு. "அஸ்பெஸ்டாஸ் கலந்துவிடுமோ? நொறுக்கிய பிறகு லேபில் கொடுத்துப் பார்த்துக்கொண்டால் போதாதா?" என்று நிர்வாகச் செயலாளர் கேட்டிருக்கிறார்.

கலக்கும். கூரை மேலே இருக்கும்போதே எக்ஸ்கவேட்டரை உள்ளே விட்டால் கண்டிப்பாகக் கலக்கும். லேப் சோதனை தேவைதான், ஆனால் எப்போது எடுக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தகடு முழுசாகக் கூரையில் இருக்கும்போது எடுக்கும் சோதனை உங்களைக் காப்பாற்றும். நொறுக்கிக் குவித்த பிறகு எடுப்பது பெரும்பாலும் கோப்பில் வைத்துக்கொள்ள ஒரு காகிதம், அவ்வளவுதான். இடிப்பு வேலைகளில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவன் என்பதால் கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கணக்கைப் போட்டே காட்டிவிடுகிறேன்.

பழைய அஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் தகட்டில் ஏறக்குறைய 10 முதல் 15 விழுக்காடு அஸ்பெஸ்டாஸ் நார், மீதி சிமெண்ட். 6 மில்லிமீட்டர் தடிப்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 10 கிலோ எடை வரும். ஆக, ஒரு சதுர மீட்டரில் குறைந்தது 1 கிலோ நார். அந்த ஒரு சதுர மீட்டர் மட்டும் 10 டன் லோரிக் கல்லோடு சேர்ந்து கிரஷருக்குள் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10,000 கிலோவில் 1 கிலோ. அதாவது ஒரு கிலோ கல்லில் 0.1 கிராம். ஆஸ்திரேலியாவின் ஏஎஸ் 4964 சோதனை முறை "இருக்கிறது" என்று அளவிட்டுச் சொல்லும் கீழ் எல்லையே கிலோவுக்கு 0.1 கிராம்தான். கலந்தது அரைச் சதுர மீட்டராக இருந்தால் அறிக்கையில் "எல்லைக்குள் காணப்படவில்லை" என்று வரலாம். அரைக் கிலோ நார் மட்டும் அந்த லோரிக்குள் அப்படியே இருக்கும்.

மேற்கு ஆஸ்திரேலியா 2012-இல் இடிபாட்டு மறுசுழற்சி யார்டுகளுக்குத் தனி வழிகாட்டி போட்டு, விற்கும் கல்லில் எடைக்கு 0.001 விழுக்காடு என்று வரம்பு வைத்தது. கிலோவுக்கு 0.01 கிராம். அந்தக் கணக்கில் ஒரு சதுர மீட்டர் தகடு பத்து லோரிக் கல்லைக் கெடுக்கப் போதும். உங்கள் மண்டபக் கூரை எத்தனை சதுர மீட்டர் என்று நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

இன்னொரு சிக்கல், அது சீராகக் கலப்பதில்லை. ஒரு பக்கம் உள்ளங்கை அகலத் துண்டு, இன்னொரு பக்கம் நகக்கண் அளவுச் சில்லு, வேறொரு பக்கம் வெறும் தூசி. ஒரு மூட்டை அரிசியில் நாலு கல் இருந்தால், ஒரு பிடி அள்ளிப் பார்த்தவருக்குக் கல் அகப்படுமா? குவியலில் ஒரு மூலையில் எடுத்த ஒரு பை மாதிரியை வைத்து முழுக் குவியலுக்கும் நற்சான்று தருகிற யார்டை நான் நம்புவதில்லை. அதனால்தான் ஒழுங்கான முறைகளில் பல இடத்தில் பத்துலிட்டர் அளவு மாதிரி அள்ளி, சல்லடையில் போட்டு, கண்ணுக்குப் படும் துண்டுகளைப் பொறுக்கி எடை போடச் சொல்கிறார்கள். சலித்து விழும் நுண்மண்ணை மட்டும் லேபுக்கு அனுப்புவார்கள்.

"சிமெண்டில் கட்டிப்போட்ட நார் தானே, காற்றில் பறக்காதே" என்று உங்கள் கொண்ட்ரக்டர் சொல்வார். எல்லாக் கொண்ட்ரக்டரும் சொல்வார்கள். அதில் பாதி உண்மை. உடையாத தகடு கூரையில் சும்மா கிடக்கும்வரை பெரிய ஆபத்து இல்லை. இன்றைக்கு அந்த மண்டபத்தில் சாப்பிட்டு எழுந்தவர்கள் யாரும் பதற வேண்டாம். ஆனால் நீங்கள் அந்தக் கல்லைப் போடப் போவது கார் பார்க்கில். தார் போடாத கல்தரையில் தினமும் டயர் ஏறும், திருவிழா நாளில் லோரி ஏறும், வெயிலில் காயும், தூசி கிளம்பும். கிரஷர் ஒரு நாளில் தொடங்கிய வேலையை டயர் வருடக்கணக்கில் தொடரும்.

உடம்புக்கு என்ன செய்யும் என்பதில் இன்றைக்கு விவாதம் இல்லை. வெள்ளை, பழுப்பு, நீலம் என்று எல்லா வகையையும் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. நுரையீரல், குரல்வளை, சினைப்பை ஆகியவற்றில் புற்று, நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் மீசோதெலியோமா என்ற புற்று. வேலையிடத்தில் அஸ்பெஸ்டாஸால் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சாகிறார்கள் என்பது அந்த நிறுவனத்தின் மதிப்பீடு. மூச்சோடு போன நாளுக்கும் நோய் தெரியும் நாளுக்கும் இடையில் 20, 30, 40 ஆண்டுகள். கார் பார்க்கில் இன்றைக்குச் சைக்கிள் ஓட்டுகிற பையனுக்கு அவன் பேரன் பேத்தி எடுக்கிற வயதில் தெரியும். அப்போது யார் எந்த லோரியைத் தேடுவது?

லோரியைத் தேடுவது எவ்வளவு பாடு என்பதற்குச் சிட்னி போதும். 2024 ஜனவரியில் ரோஸெல் என்ற இடத்தில் புதிதாகத் திறந்த பூங்காவில் விளையாடிய ஒரு குழந்தை ஒரு துண்டை வீட்டுக்கு எடுத்துப் போனது, பார்த்தால் அஸ்பெஸ்டாஸ். செடிகளுக்கு அடியில் பரப்பியிருந்த மறுசுழற்சி மரச்சில்லு மல்ச்சில் கலந்திருந்தது. அதே மல்ச் போன இடங்களைத் துரத்தித் துரத்திப் பார்த்ததில் பள்ளிக்கூடம், மருத்துவமனை, பூங்கா என்று 70-க்கும் மேற்பட்ட இடங்களில் அகப்பட்டது. அந்த மாநிலச் சுற்றுச்சூழல் ஆணையம் தன் வரலாற்றிலேயே பெரிய விசாரணை என்றது. இத்தனைக்கும் ஆஸ்திரேலியாவில் 2003 கடைசியிலிருந்து எல்லா வகை அஸ்பெஸ்டாசும் முழுத் தடை. புதிதாக எதுவும் நாட்டுக்குள் வராமலே, இருக்கிற பழைய கட்டடங்கள் இடியும்போது இருபது வருடம் கழித்தும் இது நடந்தது.

ஜப்பானில் 2010-இல் வேறு மாதிரி. கார் நிறுத்துமிடங்களில் பரப்பிய மறுசுழற்சிக் கல்லில் பழைய ஸ்லேட் (அஸ்பெஸ்டாஸ் சிமெண்ட்) தகட்டுத் துண்டுகள் கிடப்பதைப் பொதுமக்களே குனிந்து பொறுக்கிக் காட்டினார்கள். உங்கள் கேள்விக்கு இதைவிட நெருக்கமான உதாரணம் கிடையாது. அங்கே இப்போது 80 சதுர மீட்டருக்கு மேல் இடிக்கும் எந்த வேலைக்கும் முன்சோதனை முடிவை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து அது கட்டாயம். 2023 அக்டோபரிலிருந்து தகுதிச் சான்று பெற்றவர்தான் அந்தச் சோதனையைச் செய்யலாம். கிரஷர் யார்டுக்குக் கூடுதல் காவல் போட்டார்கள் என்பது வேறு. உண்மையான மாற்றம், இடிப்பதற்கு முன் பார்த்தாக வேண்டும் என்றாக்கியதுதான். சிங்கப்பூரிலும் 1991-க்கு முன் கட்டிய கட்டடத்தை இடிக்கும் முன் தகுதியுள்ளவரை வைத்து அஸ்பெஸ்டாஸ் ஆய்வு செய்ய வேண்டும் என்று 2014 விதி சொல்கிறது. ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் மண்டபத்துக்கு நடப்பது நம் செந்தூல் மண்டபத்துக்கும் நடக்கலாம். யாராவது நோட்டீஸ் அனுப்பட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

நம் மலேசியச் சட்டத்தில் உங்களுக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். 1986 அஸ்பெஸ்டாஸ் விதிமுறைகள் நீல வகையைத் தடுத்தன. வெள்ளை வகை கட்டுப்பாடுகளோடு தொடர்ந்தது. கூரைத் தகடுகளில் இருப்பது பெரும்பாலும் அந்த வெள்ளைதான். 2024 ஜூன் 1 முதல் பழைய தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் நீங்கி, 1994 வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் ஏறக்குறைய எல்லா வேலையிடத்துக்கும் விரிந்தது. கூடவே வேலையைக் குத்தகைக்கு விடுபவருக்கும் பொறுப்பு உண்டு என்று சேர்த்தார்கள். ஆகவே "கொண்ட்ரக்டர் பார்த்துக்கொள்வார்" என்று கோயில் நிர்வாகம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. கழிவைப் பொறுத்தவரை 2005 அட்டவணைக் கழிவு (ஆபத்தானது என்று சட்டம் பட்டியலிட்ட கழிவு) விதிமுறைகளில் எஸ்டபிள்யூ 201 என்ற எண்ணில் அஸ்பெஸ்டாஸ் வருகிறது: குழம்பு, தூசி, நார் வடிவத்தில் உள்ள அஸ்பெஸ்டாஸ் கழிவு. முழுத் தகடு இதில் சேராது என்று வாதாடுகிறவர்கள் உண்டு. சரி, சேராது என்றே வைத்துக்கொள்வோம். கிரஷரில் போட்ட அந்த நிமிடமே அது தூசியும் நாரும்தானே? உங்கள் கொண்ட்ரக்டரின் யோசனை சாதாரண இடிபாட்டை அட்டவணைக் கழிவாக மாற்றிக் கார் பார்க்கில் பரப்பும் யோசனை. சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் உச்ச அபராதம் 2024 திருத்தத்துக்குப் பிறகு 1 கோடி வெள்ளி (ரிங்கிட்) வரை போகிறது என்பதை நிர்வாகக் கூட்டத்தில் ஒரு முறை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.

இனி செய்ய வேண்டியது. முதலில் மண்டபத்தைச் சுற்றி வந்து பட்டியல் போடுங்கள். கூரை எல்லோர் கண்ணிலும் படும், மற்றவை படாது. சிலிங் தகடு, தாழ்வாரத்துக்கு அடியில் அடித்த தட்டைப் பலகை, மழைநீர் இறங்கும் குழாய், பழைய தண்ணீர்த் தொட்டி, சமையல்கட்டுப் புகைக்குழாய், மின்பெட்டிக்குப் பின்னால் உள்ள கறுப்புப் பலகை, ஒன்பது அங்குல வினைல் தரை ஓடு, அதை ஒட்டிய கறுப்புப் பசை. எனக்குத் தலைவலி கொடுப்பது கான்கிரீட்டோடு ஒட்டி நிற்பவைதான். கான்கிரீட் ஊற்றும்போது பலகைக்குப் பதிலாகத் தகட்டை வைத்து ஊற்றி, கழற்றாமல் அப்படியே விட்டிருப்பார்கள். இடைவெளி நிரப்ப ஒடித்த துண்டைச் செருகியிருப்பார்கள். மண்ணுக்கு அடியில் பழைய அஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் தண்ணீர்க் குழாய் ஓடலாம். கூரையை ஒழுங்காகக் கழற்றிவிட்டு, எக்ஸ்கவேட்டர் அந்தக் குழாயை மண்ணோடு வாரிக் குவியலில் போட்டதைப் பார்த்திருக்கிறேன்.

கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இன்றைய ஃபைபர் சிமெண்ட் பலகையில் பெரும்பாலும் செல்லுலோஸ் நார்தான் இருக்கிறது. அதையும் பழைய தகட்டையும் பக்கத்தில் வைத்தால் முப்பது வருட அனுபவஸ்தருக்கும் சந்தேகம் வரும். கையில் பிடிக்கும் அகச்சிவப்புக் கருவி வைத்திருப்பவர்கள் உண்டு. குறைந்த அளவு நாரிலும் கறுத்த பொருளிலும் அது தடுமாறும், "இல்லை" என்று அது சொன்னால் அதோடு விட்டுவிடக் கூடாது. வேறு வேறு வகைப் பொருள் ஒவ்வொன்றிலும் கட்டைவிரல் நகம் அளவு மாதிரி, நனைத்து எடுத்து, இரண்டு ஜிப் பைக்குள் போட்டு, எண் எழுதி, எஸ்ஏஎம்எம் (மலேசிய ஆய்வக அங்கீகாரத் திட்டம்) அங்கீகாரம் உள்ள லேபுக்கு அனுப்பச் சொல்லுங்கள். போலரைஸ்டு நுண்ணோக்கியில் பார்த்து வகையைச் சொல்வார்கள். இடிக்கும் செலவோடு ஒப்பிட்டால் இது சில்லறைக் காசு. முடிவு வரும்வரை எல்லாமே அஸ்பெஸ்டாஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கொட்டேஷன். இங்கேதான் காரியம் கெடுகிறது. நம் ஊரில் வரும் கொட்டேஷனில் ஒரே வரி இருக்கும்: "ஹேக் அண்ட் கார்ட் அவே", அதற்கு எதிரே ஒரு தொகை. எல்லாவற்றையும் இடி, எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போ. மொத்தத் தொகை பேசியவனுக்கு வேகம்தான் லாபம். தகட்டை ஒவ்வொன்றாகக் கழற்ற அவனுக்கு எந்தக் காரணமும் இல்லை, கூரையோடு சேர்த்து ஒரே கடி. அந்த ஒரு வரியை நாலு வரியாக உடைக்கச் சொல்லுங்கள்: அஸ்பெஸ்டாஸ் அகற்றல், அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தல், இடத்தைச் சோதித்து ஒப்படைத்தல், பிறகு இடிப்பு. முதல் மூன்றும் முடிந்து நீங்கள் எழுத்தில் கொடுக்கும்வரை எக்ஸ்கவேட்டர் கேட்டுக்குள் வரக்கூடாது. கடைசிப் பணத்தில் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொண்டு, கழிவு உரிமம் பெற்ற இடத்தில் இறங்கியதற்கான பதிவுத் தாள் கையில் வந்த பிறகு விடுங்கள். அட்டவணைக் கழிவுக்கு அந்தப் பதிவு சுற்றுச்சூழல் துறையின் ஈஸ்விஸ் என்ற இணையப் பதிவு முறையில் ஏறும். கழிவை 180 நாளுக்கு மேலோ 20 டன்னுக்கு மேலோ இடத்தில் சேர்த்து வைக்கவும் முடியாது. லோரிக்காரரின் கைப்பட எழுதிய சிட்டையை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

கழற்றுவதைப் பயிற்சி பெற்ற ஆட்கள்தான் செய்ய வேண்டும், கோயில் இளைஞர் கோத்தோங் ரோயோங்காக, கூட்டுச் சிரமதானமாக, செய்யக் கூடாது. நல்லெண்ணத்தில் நாற்பது பேர் வந்து நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்கிறேன். பழைய தகடு ஆளைத் தாங்காது. அஸ்பெஸ்டாஸ் முப்பது வருடம் கழித்துக் கொல்லும், அந்தக் கூரைமேல் ஏறி நின்றால் அன்றைக்கே விழுந்து சாகலாம். வேலை நடக்கும்போது நீங்கள் கவனிக்க வேண்டியவை சில. சோப்புத் தண்ணீர் அடித்து நனைத்திருக்கிறார்களா? ஆணியைச் சுத்தியலால் தட்டாமல் கழற்றியோ வெட்டியோ எடுக்கிறார்களா? தகடு கையிலிருந்து கைக்கு இறங்குகிறதா, மேலிருந்து வீசப்படுகிறதா? கிரைண்டர் சத்தம் கேட்டால் வேலையை நிறுத்துங்கள். முகத்தில் மருந்துக்கடை மாஸ்க் இருந்தாலும் நிறுத்துங்கள். நுண்தூசிக்கான வடிகட்டி பொருத்திய அரைமுக மாஸ்க் வேண்டும். இறங்கிய தகட்டை உடைக்காமல் தடித்த பிளாஸ்டிக்கில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஒட்டி, எழுதி வைக்க வேண்டும். ரோரோ பின் (இடிபாடு ஏற்றும் பெரிய இரும்புத் தொட்டி) சிறிதாக இருக்கிறது என்று தகட்டை ஒடித்து அடுக்குவது நம் ஊர் வழக்கம். அதற்குப் பெரிய பின் கொண்டுவரச் சொல்லுங்கள்.

யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். கோலாலம்பூரில் வருடத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. ஐம்பது வருட மழை தகட்டின் மேல்சிமெண்டைக் கரைத்துக்கொண்டே வந்திருக்கும். பழைய கூரையைக் கிட்டத்தில் பார்த்தால் பாசிக்கு நடுவே மேற்பரப்பு சொரசொரப்பாக, மயிர்போல் நார் நீட்டிக்கொண்டிருக்கும். கரைந்ததெல்லாம் எங்கே போயிற்று? கூரை ஓரத்து மழைநீர்ப் பீலியில் தங்கிய கறுப்புச் சேறு, தண்ணீர் சொட்டிய கோட்டில் உள்ள மண், அந்த ஓரத்து வாய்க்கால். தகட்டை அழகாகச் சுற்றி அனுப்பிவிட்டு, பீலியைக் கவிழ்த்து வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் செய்த வேலை பாழ். பீலிச் சேற்றை ஈரமாகவே வழித்துப் பையில் போட வேண்டும். சொட்டுக்கோட்டு மண்ணைத் தனியாகச் சோதிக்க வேண்டும், இடிபாட்டோடு வாரக் கூடாது. மறுசுழற்சிக் குவியலில் நார் எப்படி வந்தது என்று தெரியாமல் விழிக்கிறவர்கள் பலர் இந்த மண்ணை மறந்தவர்கள்.

இன்னொரு தொல்லை வெளியிலிருந்து வரும். தகடு இறங்கிய மாலையே யாராவது வந்து நிற்பார்: "நல்ல தகடா இருக்கே தம்பி, ரெண்டு கொடுங்க, ஆட்டுக் கொட்டாய்க்கு." தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தத் தகடு வீட்டுக் கூரை, அது விஷம் என்று யாரும் அவர்களிடம் சொன்னதில்லை. மரியாதையாக மறுத்துவிடுங்கள். கொட்டகைக்குப் போன தகடு நாளைக்குக் காய்கறிப் பாத்திக்கு வரப்பாகும், பிறகு உடைந்து மண்ணோடு மண்ணாகும்.

இவையெல்லாம் முடிந்து, தரையில் ஒரு துண்டும் இல்லை என்று சுதந்திரமான ஒருவர் நடந்து பார்த்துக் கையெழுத்திட்ட பிறகு, கான்கிரீட்டை நொறுக்கிக் கார் பார்க்கில் போடுங்கள். அது நல்ல யோசனைதான், நான் அதற்கு எதிரி இல்லை. நல்ல கான்கிரீட்டைக் குப்பை மேட்டுக்கு அனுப்பிவிட்டு மலையைக் குடைந்து புதுக் கல் வாங்குவது மடத்தனம்.

யார்டிலிருந்து வாங்கும் கல்லுக்கு வருவோம். மறுசுழற்சிக் கல் என்பது ஒரே பொருள் அல்ல. பாலமோ சாலையோ உடைத்த சுத்தக் கான்கிரீட்டிலிருந்து வந்தது ஒன்று. வீடு புதுப்பித்த ரோரோ பின்னில் மரம், ஓடு, சிலிங், மண் எல்லாம் கலந்து வந்து, பெரியதைப் பொறுக்கியபின் நொறுக்கியது இன்னொன்று. விலை வித்தியாசத்துக்குக் காரணம் அங்கேதான். கலப்புப் பின்னைச் சலித்தால் அடியில் விழும் நுண்மண்ணை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். பெரிய துண்டைக் கையால் பொறுக்கலாம், சலித்து விழுந்ததைப் பொறுக்க முடியாது. உடைந்த தகட்டுச் சில்லு எல்லாம் வந்து சேரும் இடம் அதுதான். "கார்டன் மண்", "நிரப்பு மண்" என்று மலிவாக வருவதில் இதுவும் இருக்கலாம். நியூ சவுத் வேல்ஸில் பல வருடமாகத் தலைவலியாக இருக்கும் பொருளும் இதே நுண்மண்தான்.

யார்டுக்கு நேரில் போங்கள், போனில் கேட்டால் எல்லாம் "போலே", முடியும், என்றுதான் வரும். கேட்டில் நின்று ஒரு லோரி உள்ளே வருவதைப் பாருங்கள். சரக்கு எந்த இடத்திலிருந்து, எந்த வயதுக் கட்டடத்திலிருந்து என்று கேட்டு எழுதுகிறார்களா? மேலிருந்து எட்டிப் பார்க்கிறார்களா? கொட்டியதும் மெல்லிசாகப் பரப்பி, ஆள் நடந்து பார்த்து, பிறகு கிரஷருக்குத் தள்ளுகிறார்களா, அல்லது நேராகக் குவியலில் கொட்டுகிறார்களா? சந்தேகச் சரக்கை ஒதுக்கி வைக்கத் தனி இடம் இருக்கிறதா? "இந்த மாதம் எத்தனை லோரியைத் திருப்பி அனுப்பினீர்கள்?" என்று கேளுங்கள். ஒன்றும் இல்லை என்று பெருமையாகச் சொன்னால் நீங்கள் வேறு யார்டு பாருங்கள். குவியலுக்கு எண் உண்டா, அந்த எண் உங்கள் ரசீதில் வருமா என்பதும் முக்கியம். சிட்னிக்காரர்கள் மாதக்கணக்கில் பட்டபாடு எது எங்கே போயிற்று என்று தேடிய பாடுதான்.

ஒரு யார்டில் பார்த்த நல்ல பழக்கம்: வரும் லோரிக்காரரிடம் பிடிபட்ட அஸ்பெஸ்டாஸ் துண்டுகளைக் கண்ணாடிப் பெட்டியில் போட்டுக் கேட் சாவடியில் வைத்திருந்தார்கள், கீழே தமிழ், மலாய், வங்காளம் மூன்றிலும் எழுதி. பொறுக்குகிறவன் எதைப் பொறுக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டாமா? பல யார்டுகளில் அந்த வேலைக்கு நேற்று வந்து சேர்ந்த வெளிநாட்டுத் தொழிலாளியைத்தான் நிறுத்துகிறார்கள்.

பினாங்கில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கோலாலம்பூரில் திடக்கழிவுக்கு 2007 சட்டம், எஸ்டபிள்யூ கார்ப் என்ற திடக்கழிவுக் கழகம் என்று ஒரு கட்டமைப்பு இருக்கிறது. பினாங்கு அந்தச் சட்டத்தில் சேரவில்லை, அங்கே தீவின் நகராண்மை எம்பிபிபி, செபராங் பிறை நகராண்மை எம்பிஎஸ்பி இரண்டும்தான் கவனிக்கின்றன. தீவின் கட்டட இடிபாடு வழக்கமாகப் போய்ச் சேர்ந்த ஜெலுத்தோங் குப்பை மேடு 2022 ஏப்ரலில் நாள்கணக்கில் எரிந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அட்டவணைக் கழிவு விதி மட்டும் நாடு முழுவதற்கும் ஒன்றே. பட்டர்வொர்த், பிறை பக்கம் பழைய தொழிற்சாலை, மில் இடிக்கிறவர்கள் கொதிகலன், நீராவிக் குழாய்களைச் சுற்றிய வெள்ளைப் பூச்சைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அது சிமெண்டில் கட்டுண்டதில்லை, விரலால் அழுத்தினால் பொடியாகும்; பழைய இரும்போடு சேர்ந்து ஸ்க்ராப் கடைக்குப் போய்விடும்.

அஸ்பெஸ்டாஸையே மறுசுழற்சி செய்ய முடியாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். முடியும். பிரான்சில் மோர்சென்ஸ் என்ற ஊரில் பிளாஸ்மா சூட்டில் உருக்கிக் கண்ணாடிக் கல்லாக்கியிருக்கிறார்கள், நார் என்ற உருவமே மிஞ்சாது. மின்சாரச் செலவு கண்ணைக் கட்டும். கோயில் நிர்வாகத்துக்கு இப்போதைக்கு உரிமம் பெற்ற புதைகுழிதான் வழி.

கடைசியாக, போட்டாகிவிட்டது என்றால் என்ன செய்வது? ஏற்கெனவே போட்ட கல்லில் ஒரு துண்டு கண்ணில் பட்டால் பெருக்காதீர்கள், புளோயர் அடிக்காதீர்கள். அந்த இடத்தை நனைத்து, கயிறு கட்டி, காரை வேறு பக்கம் விடுங்கள். துண்டை நனைத்து இரட்டைப் பையில் எடுத்து லேபுக்கு அனுப்புங்கள். உறுதியானால் சுற்றுச்சூழல் துறையிடம் எழுத்தில் தெரிவியுங்கள், கல் விற்றவருக்கும் ரசீது எண்ணோடு எழுதுங்கள். அவர் அதே குவியலிலிருந்து இன்னும் பத்துப் பேருக்கு விற்றிருப்பார். முழுவதையும் வாரி எடுப்பதா, மேலே துணி விரித்துத் தார் போட்டு மூடிப் பதிவில் வைப்பதா என்பதை எத்தனை துண்டு, எவ்வளவு பரப்பு, என்ன வகை என்று பார்த்த பிறகு தகுதியுள்ளவர் சொல்லட்டும். மூடுவதென்று முடிவானால் அந்த இடத்தின் வரைபடத்தில் சிவப்பில் குறித்து நிர்வாகக் கோப்பில் வையுங்கள். அடுத்த நிர்வாகம் அங்கே வாய்க்கால் தோண்டும்.